குப்பைவாரிகளின் காலம்: அமெரிக்கப் புலனாய்வு இதழியல் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏறத்தாழ 1890 முதல் 1914 வரை அமெரிக்காவில் ஓங்கியிருந்த புலனாய்வு இதழியலையும், அதை ஒட்டி எழுந்த சமூகச் சீர்திருத்தங்களையும் பற்றிப் படிக்கத் தொடங்குபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் இங்கே உள்ளன. எல்லாவற்றையும் ஒரே அளவில் விளக்க முயலவில்லை. ஸ்டாண்டர்ட் ஆயில் என்ற எண்ணெய் நிறுவனத்தை ஆராய்ந்த ஐடா டார்பெல், இறைச்சி ஆலைகளைப் பற்றி நாவல் எழுதிய அப்டன் சின்க்ளேர், கும்பல் கொலைகளை ஆராய்ந்த ஐடா பி. வெல்ஸ் ஆகிய மூவரைப் பற்றிச் சொல்ல வேண்டியது கூடுதலாக இருப்பதால் அங்கே விடைகள் நீண்டிருக்கின்றன.

'மக்ரேக்கர்' என்ற பெயர் எப்படி வந்தது?

'குப்பைவாரி' என்று பொருள்படும் அது, இந்த இதழாளர்களுக்கு வசையாகச் சூட்டப்பட்ட பெயர். 1906 ஏப்ரல் 14 அன்று வாஷிங்டனில் பிரதிநிதிகள் சபைக்கான அலுவலகக் கட்டடத்திற்கு அடிக்கல் நாட்டும் விழாவில் பேசிய அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட், ஊழலைத் தோண்டி எழுதும் இதழாளர்களை ஜான் பன்யனின் கதையில் வரும் ஒரு மனிதனோடு ஒப்பிட்டார். தலைக்கு மேலே பொன்முடி நீட்டப்பட்டிருந்தும் நிமிர்ந்து பாராமல், கையிலுள்ள வாரியால் தரையில் கிடக்கும் குப்பையையே வாரிக்கொண்டிருப்பவன் அவன். பன்யனின் நூல் தமிழ் வாசகர்களுக்குப் புதிதன்று. 'மோட்ச பிரயாணம்' என்ற பெயரில் நம்மிடையே வழங்குவதும், எச். ஏ. கிருஷ்ணபிள்ளையின் 'இரட்சணிய யாத்திரிகம்' என்னும் காவியத்திற்கு மூலமானதும் அதுவே. குப்பைவாரியைப் பற்றிய பகுதி அந்நூலின் இரண்டாம் பாகத்தில் இருக்கிறது.

ரூஸ்வெல்ட்டின் சினத்திற்கு உடனடிக் காரணம், செய்தித்தாள் அதிபர் ஹெர்ஸ்டுக்குச் சொந்தமான 'காஸ்மோபாலிட்டன்' இதழில் டேவிட் கிரஹாம் பிலிப்ஸ் எழுதத் தொடங்கியிருந்த, செனட் சபை உறுப்பினர்கள் பெருநிறுவனங்களுக்கு விலைபோனதைச் சாடும் தொடர். குப்பையை வாருவது சமூகத்திற்குத் தேவையான வேலைதான் என்பதை அவர் அதே உரையில் ஒப்புக்கொண்டார். எப்போது நிறுத்த வேண்டும் என்பது வாருபவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதே அவர் குறை. இந்த இதழாளர்களின் எழுத்தால் அதிகம் பயனடைந்த அரசியல்வாதி அவர்தான் என்பதையும் இங்கே நினைவில் வைக்க வேண்டும். டார்பெல் உள்ளிட்ட சிலர் இப்பெயரைக் கடைசிவரை வெறுத்தார்கள். வேறு சிலர் அதையே பட்டமாக அணிந்துகொண்டார்கள்.

இது ஏன் அந்தக் காலத்தில் மட்டும் இவ்வளவு பெரிதாக வளர்ந்தது?

அநியாயம் பெருகியிருந்தது என்பது அரை விடைதான்; அநியாயம் 1870களிலும் இருந்தது. ஹென்றி டெமரெஸ்ட் லாயிட் 1881ஆம் ஆண்டிலேயே ஸ்டாண்டர்ட் ஆயில் நிறுவனத்தைப் பற்றி 'அட்லாண்டிக்' இதழில் விரிவாக எழுதிவிட்டார். ஆனால் அத்தகைய இதழ்களை வாங்கியவர்கள் வசதி படைத்த சிறு வட்டத்தினர். 1893இல் நிலை மாறியது. மலிவான காகிதம், புகைப்படங்களை நேரடியாக அச்சிட உதவும் புள்ளி அச்சுமுறை, நாடு முழுவதும் சரக்கு விற்கும் நிறுவனங்களின் விளம்பரப் பணம் ஆகியவை ஒன்றுசேர்ந்ததால், 25 அல்லது 35 சென்ட் விலையிருந்த மாத இதழ்களுக்குப் போட்டியாக 10, 15 சென்ட் இதழ்கள் வந்தன. எஸ். எஸ். மெக்ளூர் என்ற அயர்லாந்துக்காரர் நியூயார்க்கில் அதே ஆண்டு தொடங்கிய 'மெக்ளூர்ஸ்' அவற்றுள் ஒன்று.

மெக்ளூர் செய்த புதுமை, எழுத்தாளருக்கு எழுதிய வரிகளை எண்ணிக் கூலி கொடுக்காமல் மாதச் சம்பளம் கொடுத்து, ஒரே விஷயத்தை ஆண்டுக்கணக்கில் ஆராய விட்டது. டார்பெல்லின் கட்டுரை ஒவ்வொன்றுக்கும் சராசரியாக 4,000 டாலர் செலவானதாக மெக்ளூரே பின்னாளில் கணக்குச் சொன்னார். அன்றைய மதிப்பில் அது ஒரு தொழிலாளியின் பல ஆண்டுக் கூலி. புலனாய்வு இதழியலுக்குத் துணிச்சல் எவ்வளவு தேவையோ அவ்வளவு முதலும் தேவை என்பது இந்தக் கணக்கிலிருந்து விளங்குகிறது.

1903 ஜனவரி 'மெக்ளூர்ஸ்' இதழை ஏன் எல்லாரும் குறிப்பிடுகிறார்கள்?

டார்பெல் எழுதிய ஸ்டாண்டர்ட் ஆயில் வரலாற்றின் மூன்றாம் பகுதி, மினியாபொலிஸ் நகராட்சி ஊழல் பற்றிய லிங்கன் ஸ்டெஃபென்ஸின் கட்டுரை, நிலக்கரி வேலைநிறுத்தத்தில் சேர மறுத்த தொழிலாளர்கள் பட்ட பாட்டைப் பற்றிய ரே ஸ்டானர்ட் பேக்கரின் கட்டுரை ஆகிய மூன்றும் அந்த ஒரே இதழில் வெளியாயின. இது திட்டமிட்டு நேர்ந்ததன்று என்றும், முதலாளி, தொழிலாளி, அரசியல்வாதி, குடிமகன் என அனைவரும் சட்டத்தை மீறுகிறார்கள் அல்லது மீற விடுகிறார்கள் என்பதை மூன்றும் சேர்ந்து காட்டுகின்றன என்றும் தலையங்கத்தில் மெக்ளூர் எழுதினார். பேக்கரின் கட்டுரை தொழிற்சங்கத்தைக் குறைகூறுவது. எனவே இவர்கள் எல்லாரையும் இடதுசாரிகள் என்று ஒரே கூடையில் போடுவது பிழை.

ஐடா டார்பெல் ஆதாரங்களை எப்படித் திரட்டினார்?

பெரும்பாலும் எல்லாருக்கும் திறந்திருந்த ஆவணங்களிலிருந்து திரட்டினார் என்பதே பலரை வியப்பில் ஆழ்த்தும் உண்மை. நாடாளுமன்ற விசாரணைகள், மாநிலச் சட்டமன்றக் குழுக்களின் அறிக்கைகள், நீதிமன்றச் சாட்சியங்கள் என 1870 முதல் குவிந்திருந்த ஆயிரக்கணக்கான பக்கங்களை அவர் வாசித்தார். ஸ்டாண்டர்ட் ஆயிலின் நிறுவனர் ராக்ஃபெல்லர் தொழில் தொடங்கிய கிளீவ்லாந்தில் ஜான் சிடல் என்ற இளைஞரை உதவியாளராக அமர்த்திக்கொண்டார். முக்கியமான ஒரு துண்டுநூலின் பிரதிகள் எல்லாம் அழிக்கப்பட்டுவிட்டன என்று அவரிடம் சொல்லப்பட்டது. நியூயார்க் பொது நூலகத்தில் ஒரு பிரதி எஞ்சியிருந்தது.

அந்தத் துண்டுநூலின் பொருள் தென் மேம்பாட்டு நிறுவனம் என்று பெயர் சூட்டிக்கொண்ட 1872ஆம் ஆண்டுக் கூட்டுச் சதி. இரயில் நிறுவனங்கள் எண்ணெய்க்கான சரக்குக் கட்டணத்தை உயர்த்தும். கூட்டில் சேர்ந்த சுத்திகரிப்பாளர்களுக்கு மட்டும் ஒரு பகுதியைத் திருப்பித் தரும். அதோடு நில்லாமல், கூட்டில் சேராதவர்கள் செலுத்தும் கட்டணத்திலிருந்தும் ஒரு பங்கைக் கூட்டுக்காரர்களுக்கே கொடுக்கும். அதாவது போட்டியாளர் ஒவ்வொரு பீப்பாய் அனுப்பும்போதும் தன் எதிரிக்குக் கப்பம் கட்டுவார். பென்சில்வேனியா எண்ணெய் வயல்களில் கிளர்ச்சி வெடித்ததால் இத்திட்டம் நடைமுறைக்கு வருமுன்பே கைவிடப்பட்டது. ஆனால் அந்த அச்சத்தைக் கருவியாக்கி, கிளீவ்லாந்தின் 26 சுத்திகரிப்பு ஆலைகளில் 22ஐ ராக்ஃபெல்லர் சில வாரங்களிலேயே வாங்கிவிட்டார்.

மற்றொரு வழி ஸ்டாண்டர்ட் ஆயிலுக்குள்ளிருந்தே திறந்தது. அதன் இயக்குநர்களுள் ஒருவரான ஹென்றி ரோஜர்ஸ், மார்க் ட்வைன் வழியாகத் தொடர்பு ஏற்படுத்திக்கொண்டு, 1902 முதல் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் டார்பெல்லைத் தம் அலுவலகத்தில் சந்தித்து விளக்கங்கள் அளித்தார். நிறுவனத்தின் தரப்பைச் சொல்லிவிட்டால் எழுத்தின் கூர்மை மழுங்கும் என்று அவர் எண்ணியிருக்கலாம். அது நடக்கவில்லை. ஸ்டாண்டர்ட் ஆயில் ஆலை ஒன்றில் பழைய தாள்களை எரிக்கும் வேலையிலிருந்த ஒரு சிறுவன், அவற்றில் தன் ஞாயிறு பள்ளி ஆசிரியரின் பெயரைக் கண்டான். அந்த ஆசிரியர் தனியாக எண்ணெய் வியாபாரம் செய்துவந்தவர். அவருடைய சரக்கு எங்கே, எப்போது, எவ்வளவு போகிறது என்பதை இரயில் ஊழியர்கள் வேவு சொல்லிய குறிப்புகள் அவை. அந்தத் தாள்கள் டார்பெல்லிடம் வந்தன. அவற்றை வைத்து அவர் எழுதிய பகுதி வெளியானதும் ரோஜர்ஸின் கதவு மூடிக்கொண்டது.

டார்பெல்லின் தந்தை ஸ்டாண்டர்ட் ஆயிலால் பாதிக்கப்பட்டவர்தானே? அவரை நடுநிலையாளர் என்று எப்படி ஏற்பது?

நியாயமான கேள்வி. எண்ணெய்க்கு மரத்தொட்டிகள் செய்து, பின்னர் எண்ணெய்த் தொழிலிலேயே இறங்கிய ஃபிராங்க்ளின் டார்பெல் 1872ஆம் ஆண்டுக் கிளர்ச்சியில் பங்கெடுத்தவர். அப்போது மகளுக்கு வயது 14. இதை ஐடா மறைக்கவில்லை. மகள் இந்த வேலையில் இறங்குவதைத் தந்தை விரும்பவும் இல்லை. இதழையே அழித்துவிடுவார்கள் என்று எச்சரித்தார். 1902 நவம்பரில் தொடங்கி 19 பகுதிகளாக வெளிவந்த தொடரில் ராக்ஃபெல்லரின் நிர்வாகத் திறமையையும், வீணடிப்பைத் தவிர்க்கும் கூர்மையையும் டார்பெல் வெளிப்படையாகப் புகழ்கிறார். அந்த நிறுவனம் பெரிதாக வளர்ந்ததில் அவருக்கு வழக்கில்லை; குறுக்கு வழியில் வளர்ந்தது என்பதே வழக்கு.

ஆனால் 1905இல் அவர் தனியே எழுதிய ராக்ஃபெல்லர் குணச்சித்திரத்தை இப்படி ஆதரிக்க முடியாது. நோயால் முடியிழந்த ஒரு முதியவரின் முகத்தோற்றத்திலிருந்து குணத்தை வாசிக்கும் அக்கட்டுரை, அவரே பின்பற்றிய அளவுகோலின்படி தாழ்ந்த எழுத்து.

ஸ்டாண்டர்ட் ஆயில் உடைந்தது டார்பெல்லின் எழுத்தாலா?

எழுத்தால் மட்டும் அன்று. தனியுரிமைக் கூட்டுகளைத் தடுக்கும் ஷெர்மன் சட்டம் 1890 முதலே ஏட்டில் இருந்தது. டார்பெல்லின் நூல் வெளியான இரண்டு ஆண்டுகளில், 1906இல், கூட்டாட்சி அரசு வழக்குத் தொடுத்தது. 1911 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்நிறுவனத்தைக் கலைக்க உத்தரவிட்டு, 34 நிறுவனங்களாகப் பிரிக்க வழிசெய்தது. பொதுமக்கள் கருத்தை அந்தத் தொடர் பழுக்கவைத்திருக்காவிட்டால் அரசு இந்த வழக்கை இவ்வளவு ஊக்கமாக நடத்தியிருக்குமா என்பது ஐயம்.

தண்டனை எவ்வளவு உறைத்தது என்பது வேறு கதை. பிரிந்த நிறுவனங்கள் ஒவ்வொன்றிலும் ராக்ஃபெல்லருக்குப் பங்கு இருந்தது. மோட்டார் வாகனங்கள் பெருகிய காலமாதலால் அந்தப் பங்குகளின் விலை ஏறி, கலைப்புக்குப் பிறகு அவர் முன்னிலும் பெரிய செல்வரானார். எக்ஸான், மோபில், செவ்ரான் எனப் பின்னாளில் அறியப்பட்டவை அந்தக் கிளைகளிலிருந்து வளர்ந்தவைதாம்.

அப்டன் சின்க்ளேர் எழுதியது நாவல். அதை இதழியலில் ஏன் சேர்க்கிறார்கள்?

வடிவம் நாவல், வேலைமுறை செய்தியாளனுடையது. 1904ஆம் ஆண்டு சிகாகோ இறைச்சி ஆலைத் தொழிலாளர்களின் வேலைநிறுத்தம் தோற்றபின், கான்சாஸிலிருந்து வெளிவந்த 'அப்பீல் டு ரீசன்' என்ற சோஷலிச வார இதழ் கொடுத்த 500 டாலர் முன்பணத்தோடு சின்க்ளேர் அங்கே சென்று, ஏழு வாரம் தங்கினார். கையில் ஒரு சாப்பாட்டுத் தூக்கோடு அழுக்கு உடையில் நடந்தால் யாரும் தடுப்பதில்லை என்று கண்டுகொண்டார். 1905இல் தொடராக வந்த 'தி ஜங்கிள்' நூலாக வெளிவர மறுப்புகளைச் சந்தித்தது. இறுதியில் ஏற்றுக்கொண்ட டபுள்டே நிறுவனம், அவர் எழுதியவை உண்மையா என்று அறியத் தன் சொந்த ஆளைச் சிகாகோவுக்கு அனுப்பிச் சரிபார்த்த பிறகே 1906 பிப்ரவரியில் அச்சிட்டது.

அந்நூலின் நாயகன் லித்துவேனியாவிலிருந்து வந்த ஒரு தொழிலாளி. அவன் குடும்பம் கூலியாலும் கடனாலும் விபத்தாலும் சிதைவதே கதை. கெட்டுப்போன இறைச்சியும், எலியும், எலிக்கு வைத்த நஞ்சும் ஒன்றாக அரைபடுவதைப் பற்றிய விவரிப்புகள் சில பக்கங்களே. நாடு அந்தச் சில பக்கங்களைத்தான் படித்தது. மக்களின் நெஞ்சுக்குக் குறிவைத்தேன், தற்செயலாக வயிற்றில் பட்டுவிட்டது என்று சின்க்ளேர் சொன்னதன் பொருள் இதுதான்.

அந்த நூலால் வந்த சட்டம் தொழிலாளிக்கு என்ன தந்தது?

எதுவுமில்லை. ரூஸ்வெல்ட் சின்க்ளேரை நம்பவில்லை. ஆனாலும் சார்லஸ் நீல், ஜேம்ஸ் ரெனால்ட்ஸ் என்ற இருவரைச் சிகாகோவுக்கு அனுப்பினார். அவர்களின் அறிக்கை நூலின் பெரும்பகுதியை உறுதிசெய்தது. 1906 ஜூன் 30 அன்று இறைச்சி ஆய்வுச் சட்டமும், கலப்படமற்ற உணவு மற்றும் மருந்துச் சட்டமும் ஒரே நாளில் கையொப்பமாயின. கூலி, வேலைநேரம், விபத்து இழப்பீடு ஆகிய எவற்றையும் இச்சட்டங்கள் தொடவில்லை.

இதற்குள் இன்னொரு முடிச்சும் இருக்கிறது. பெரிய இறைச்சி நிறுவனங்கள் ஆய்வு என்ற கருத்தை எதிர்த்துக் கடைசிவரை போராடியதாகப் பலர் நினைக்கிறார்கள். அமெரிக்கப் பன்றி இறைச்சியை 1880களில் ஜெர்மனி, பிரான்சு போன்ற நாடுகள் தடைசெய்ததால் அடிபட்டிருந்த அவற்றுக்கு, அரசு முத்திரை ஏற்றுமதிக்கு உதவும் என்பது தெரியும். சண்டை நடந்தது செலவை யார் ஏற்பது என்பதில். ஆய்வுக் கட்டணத்தை நிறுவனங்களே செலுத்த வேண்டும், டப்பாக்களில் தேதி பொறிக்க வேண்டும் என்று முதலில் செனட்டில் வந்த வரைவு சொன்னது. இறுதிச் சட்டத்தில் தேதி போயிற்று. கட்டணத்தை அரசு ஏற்றது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்று முழுமையாகச் சொல்லிவிட முடியாது, ஏனெனில் இறைச்சி உண்மையிலேயே சுத்தமாயிற்று. ஆனால் சின்க்ளேர் பிடிக்க நினைத்த பிள்ளையார் இது அன்று.

மருந்துச் சட்டத்திற்கும் இதழ்களுக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. 1905 அக்டோபர் முதல் 'காலியர்ஸ்' இதழில் சாமுவேல் ஹாப்கின்ஸ் ஆடம்ஸ் எழுதிய தொடர், சர்வரோக நிவாரணிகளாக விற்கப்பட்ட புட்டி மருந்துகளுக்குள் சாராயமும் அபினும் இருப்பதை ஆய்வகச் சோதனைகளோடு வெளியிட்டது. அரசு வேதியியலாளர் ஹார்வி வைலி பல ஆண்டுகளாகச் சொல்லிவந்ததும், மகளிர் மன்றங்கள் ஊர் ஊராகப் பரப்பியதும் அதற்குப் பின்பலமாக இருந்தன. சாராயம், மார்ஃபின், கோகைன் போன்றவை இருந்தால் அதை மேலட்டையில் அச்சிட வேண்டும் என்று 1906ஆம் ஆண்டுச் சட்டம் கட்டளையிட்டது. புற்றுநோயைக் குணப்படுத்தும் என்று பொய் சொல்வதை அது தடுக்கவில்லை என்று 1911இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மறு ஆண்டே திருத்தம் கொண்டுவர வேண்டியதாயிற்று.

ஜேக்கப் ரீஸ், லூயிஸ் ஹைன் ஆகியோரின் புகைப்படங்களுக்கு என்ன பங்கு?

டென்மார்க்கிலிருந்து வந்து நியூயார்க்கில் காவல்துறைச் செய்தியாளராக இருந்த ரீஸ், அப்போது புதிதாக வந்திருந்த மக்னீசியப் பொடி வெளிச்சத்தை நள்ளிரவில் நெரிசல் குடியிருப்புகளுக்குள் கொண்டுசென்றார். அதனால் இருமுறை வீட்டுக்கும் ஒருமுறை தமக்குமே தீ வைத்துக்கொண்டதாக அவரே எழுதுகிறார். 1890இல் வந்த அவருடைய நூல், மல்பெரி பெண்ட் என்ற இருட்டுச் சந்து இடிக்கப்பட்டுப் பூங்காவாக மாறவும், 1901ஆம் ஆண்டுக் குடியிருப்புச் சட்டம் வரவும் துணைசெய்தது. அதே நூலில் சீனர்கள், யூதர்கள், இத்தாலியர்கள் பற்றி அவர் எழுதும் இனப் பொதுமைப்படுத்தல்கள் இன்று கூச வைக்கின்றன. தூங்கிக்கொண்டிருந்தவர்களைக் கேளாமல் படமெடுத்ததும் அப்படியே.

ஹைன் வேறு மாதிரி. தேசியக் குழந்தைத் தொழில் குழுவுக்காக 1908 முதல் ஆலைகளுக்கும் சுரங்கங்களுக்கும் சென்ற அவர், விவிலியம் விற்பவராகவும் இயந்திரங்களைப் படமெடுக்க வந்தவராகவும் நடித்து உள்ளே நுழைந்தார். தம் சட்டைப் பொத்தான்கள் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று முன்கூட்டியே அளந்து வைத்திருந்ததால், அருகில் நிற்கும் பிள்ளையின் உயரத்தை யாரும் அறியாமல் குறித்துக்கொள்ள முடிந்தது. வயது, வேலைநேரம், கூலி ஆகியவற்றைச் சட்டைப்பையினுள்ளேயே கைவைத்து எழுதினார். 1916இல் வந்த கூட்டாட்சிக் குழந்தைத் தொழில் சட்டத்தை 1918இல் உச்ச நீதிமன்றம் செல்லாதாக்கியது. நிலைத்த சட்டம் 1938இல்தான் வந்தது.

நெல்லி பிளை இவர்களில் ஒருவரா?

முன்னோடி எனலாம். 1887இல் மனநோயாளியாக நடித்து, நியூயார்க்கின் பிளாக்வெல் தீவு மருத்துவமனையில் பத்து நாள் இருந்து 'வேர்ல்ட்' நாளிதழில் எழுதினார். நடுவர் குழு விசாரணையும் கூடுதல் நிதியும் விளைந்தன. மாதக்கணக்கில் ஆவணம் புரட்டும் முறை அவருடையதன்று.

கறுப்பின மக்களின் நிலையை இந்த இதழ்கள் எழுதினவா?

மிகக் குறைவாகவே எழுதின; பேக்கர் 1908இல் நூலாக வெளியிட்ட கட்டுரைகள் குறிப்பிடத்தக்க விதிவிலக்கு. ஆனால் அவருக்குப் பல ஆண்டுகள் முன்பே, மேற்சொன்ன எல்லாரையும்விட ஆபத்தான புலனாய்வைச் செய்தவர் ஐடா பி. வெல்ஸ். 1862இல் மிசிசிப்பியில் அடிமையாகப் பிறந்தவர். மெம்பிஸ் நகரில் 'ஃப்ரீ ஸ்பீச்' என்ற செய்தித்தாளின் பங்குதாரர், ஆசிரியர். 1892 மார்ச்சில் அவருடைய நண்பர் தாமஸ் மோஸ் உள்ளிட்ட மூன்று மளிகைக்கடைக்காரர்கள் சிறையிலிருந்து இழுத்துச் செல்லப்பட்டுச் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். வெள்ளையர் கடைக்குப் போட்டியாகக் கடை வைத்து நன்றாக வியாபாரம் செய்ததே அவர்கள் மீதான பகைக்கு வேர்.

வெள்ளைப் பெண்களைக் கெடுப்பவர்களைத்தான் கும்பல் கொல்கிறது என்று அன்றைய செய்தித்தாள்கள் ஓயாமல் சொல்லிவந்தன. வெல்ஸ் அந்தச் செய்தித்தாள்களின் தகவல்களையே எடுத்து எண்ணினார். எட்டு ஆண்டுகளில் கொல்லப்பட்ட 728 பேரில் மூன்றில் ஒரு பகுதியினர் மீதுதான் அத்தகைய குற்றச்சாட்டே இருந்தது, நிரூபணம் என்பது வேறு, என்று 1892இல் எழுதினார். எதிரியின் கணக்கேட்டிலிருந்தே எதிரியை மறுக்கும் இம்முறை, டார்பெல் பத்து ஆண்டுகள் கழித்துக் கையாண்ட முறைதான். பரிசு மட்டும் வேறு: டார்பெல்லுக்கு நாடறிந்த புகழ், வெல்ஸ் வெளியூரில் இருந்தபோது அவருடைய அச்சகம் நொறுக்கப்பட்டது, திரும்பி வந்தால் உயிர் தங்காது என்ற எச்சரிக்கை வந்தது. கும்பல் கொலைக்கு எதிரான மசோதா 1922இல் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியும் செனட்டில் தடுக்கப்பட்டது. கூட்டாட்சிச் சட்டம் கையொப்பமானது 2022 மார்ச்சில். புலிட்சர் குழு அவருக்குச் சிறப்பு அங்கீகாரம் அளித்தது 2020இல்.

லிங்கன் ஸ்டெஃபென்ஸ் கண்டுபிடித்தது என்ன?

பெரும்பாலும் ஊரறிந்த இரகசியங்களைத்தான். செயின்ட் லூயிஸ், மினியாபொலிஸ், பிட்ஸ்பர்க், பிலடெல்பியா என நகரம் நகரமாகச் சென்று, அங்கே அரசு வழக்கறிஞர்களும் நடுவர் குழுக்களும் ஏற்கெனவே தோண்டியிருந்ததை இணைத்துக் காட்டினார். மினியாபொலிஸ் சூதாடிகள் காவல்துறைக்குக் கொடுத்த மாமூலின் கணக்கேட்டுப் பக்கங்களை இதழில் அப்படியே படமாக வெளியிட்டது அவருடைய முத்திரை. இலஞ்சம் வாங்குபவனைவிடக் கொடுக்கும் மரியாதைப்பட்ட வணிகரும், சகித்துக்கொள்ளும் குடிமக்களுமே வேர் என்பது அவர் வாதம்.

இந்த அலை எப்போது, ஏன் அடங்கியது?

1906இலேயே விரிசல் தொடங்கியது. மெக்ளூரின் நிலையற்ற திட்டங்களைப் பொறுக்காமல் டார்பெல், ஸ்டெஃபென்ஸ், பேக்கர் மூவரும் வெளியேறி 'அமெரிக்கன்' இதழை நடத்தினார்கள். 1911இல் மெக்ளூர் கடன் சுமையால் தம் இதழின் கட்டுப்பாட்டையே இழந்தார். விளம்பரதாரர்களும் வங்கிகளும் நெருக்கியதாகப் பலர் எழுதியிருக்கிறார்கள். அதில் உண்மை உண்டு. வாசகர்களுக்குச் சலித்துப்போனதும் உண்மை. மாதந்தோறும் புதிய ஊழல் வேண்டும் என்ற போட்டியில் ஆதாரம் குறைந்து கூச்சல் மிகுந்த இதழ்கள் பெருகின. கோரிக்கைகள் சில நிறைவேறியும் விட்டன: செனட்டர்களை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்க வகைசெய்யும், அரசியலமைப்பின் 17ஆம் திருத்தம் 1913இல் வந்தது. முதல் உலகப் போர் மீதியைச் செய்தது.

மூலநூல்களை எங்கிருந்து படிக்கத் தொடங்கலாம்?

வெல்ஸின் 1892ஆம் ஆண்டுத் துண்டுநூலிலிருந்து தொடங்குவது என் பரிந்துரை. சிறியது, ஒரே அமர்வில் முடியும், நடை இன்றும் கூர் மழுங்காதது. அடுத்து ஸ்டெஃபென்ஸின் மினியாபொலிஸ் கட்டுரை. டார்பெல் இரண்டு தொகுதி; இரயில் கட்டணக் கணக்குகளைத் தாண்டப் பொறுமை வேண்டும். சின்க்ளேரின் நாவலில் இறுதி அத்தியாயங்கள் கதையை விட்டுவிட்டுப் பிரசங்கமாகிவிடுகின்றன என்பதை முன்கூட்டியே அறிந்துகொண்டால் ஏமாற்றம் குறையும். இவை அனைத்தும் அமெரிக்காவில் பதிப்புரிமை முடிந்தவை. இணைய நூலகங்களில் இலவசமாகக் கிடைக்கின்றன. பழைய 'மெக்ளூர்ஸ்' இதழ்கள் முழுமையாகக் கிடைத்தால் விளம்பரப் பக்கங்களையும் விடாமல் புரட்டுங்கள். அந்தக் கட்டுரைகளுக்கான செலவு எங்கிருந்து வந்தது என்பது அங்கேதான் அச்சாகியிருக்கிறது.